முனையில் நின்றவர்

வண்டிச் சீட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் அவள். ஒரு பக்கம் மட்டும் நைந்திருந்தால், சிக்னலில் எப்போதும் ஒரே காலை ஊன்றிச் சாய்ந்து நிற்கிற சோம்பேறி. டேங்கை ஒட்டி முன்னால் மட்டும் அமுங்கியிருந்தால், ஹேண்டிலைக் கட்டிப்பிடித்து ஓட்டுகிற பயந்தாங்கொள்ளி. பின்சீட்டில் கடைசி ஓரம் தேய்ந்து பளபளத்தால் வீட்டில் சண்டை. பின்னால் உட்காருகிறவள் எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்காருகிறாள். இதை எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். வாடிக்கையாளர் வண்டியை விட்டுவிட்டுத் தெருவைத் தாண்டிய பிறகு, வெட்டுமேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கும் புருஷனைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்குவாள். அவர் சிரித்துவிட்டுக் கத்தியைத் தீட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பேசிய ஊர்வம்பு இவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. புருவத்தைத் தூக்கிவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஃபோம் அடுக்கு மட்டும் இருக்கும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், ஷட்டர் போட்ட ஒற்றை அறைக் கடை. முன்னால் கனமான தையல் மெஷின், சுவரோரம் ரெக்சின் சுருள்கள், எந்நேரமும் மூக்கைத் துளைக்கும் பசை வாடை. ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவள் தைத்த சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. அவர் ஃபோம் வெட்டுவார், அவள் தைப்பாள். வெட்டிய ஒவ்வொன்றின் மேலும் கண்ணை மூடி உட்கார்ந்து பார்ப்பார். “நல்ல சீட்டுன்னா உக்காந்தவனை உடனே மறந்துடணும்” என்பார். ஆள் எழுந்த கையோடு ஃபோமும் எழுந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. தன் சொந்த வண்டியின் பின்சீட்டுக்கு மட்டும் அவள் சௌகரியத்துக்காக வேறு மாதிரி ஃபோம் போட்டிருந்தார். அது மெத்தென்று இருக்கும். அமுங்கினால் மெதுவாகத்தான் எழும். “இது மறக்கறதுக்கு நேரம் எடுத்துக்கும்” என்று அதற்கும் ஒரு வியாக்கியானம் வைத்திருந்தார்.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு ஊர் சுற்றுவது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு வண்டிகள் சேர்ந்து கிளம்பும். பெரிய சாலை பக்கமே போவதில்லை என்று அந்தக் கூட்டத்துக்கு ஒரு வைராக்கியம். ஆடு மேயும் தடம், கால்வாய்க் கரை, தார் போட்டதாகக் கணக்கில் மட்டும் இருக்கும் பாதை, இப்படிப் போய்ப் போய், கூரை இல்லாத சுங்கச்சாவடி, யாரும் நடக்காத கல் பாலம், பாதி சரிந்த காவல் கோபுரம் என்று எதையாவது பார்த்துவிட்டு வருவார்கள். ஊருக்குள் அவர்களுக்குக் ‘கல்லு பார்க்கிற கோஷ்டி’ என்று பெயர். “அவ்வளவு தூரம் போய்க் கல்லைப் பார்த்தீங்களே, வீட்டுக்கு என்ன கொண்டு வந்தீங்க?” என்று அவள் கேட்பாள். “முதுகுவலி” என்பார் அவர்.

கோஷ்டிக்கு ஒரு சட்டம் உண்டு. தலைவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். முன்னால் போவது அவர்தான். கடைசியில் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டு ஒருவர் வருவார்; அவருக்கு ‘வால்’ என்று பெயர். பாதை திரும்பும் ஒவ்வொரு முனையிலும் தலைவர் தரையைக் காட்டுவார். உடனே அவருக்கு அடுத்து வருபவர் அந்த இடத்தில் இறங்கி, போக வேண்டிய பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லா வண்டியும் திரும்பி, கடைசியில் வால் வந்து இரண்டு முறை ஹார்ன் அடித்தால்தான் அவருக்கு விடுதலை. வெயிலோ மழையோ, வால் வராமல் முனையை விட்டு நகரக் கூடாது. போய்ச் சேர்ந்த இடத்தில் வால் வண்டியை நிறுத்தி, “எல்லாரும் வந்தாச்சு” என்று சொல்லும்வரை தலைவர் அங்கே இருக்கும் சரித்திரப் பலகையைப் படிக்கவே ஆரம்பிக்க மாட்டார். அவர் உரக்கப் படிப்பார், யாரும் கேட்க மாட்டார்கள். அதுவும் ஏறக்குறைய சட்டம்தான்.

கோட்டைக்குப் போன அந்த மழைநாளில் கடைசித் திருப்பத்தில் நின்றவர் அவள் புருஷன். அன்றைக்கு வால், பக்கத்துத் தெரு வெல்டர். வழியில் ஒரு வண்டியின் செயின் அறுந்துவிட்டது. வெல்டர் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பெரிய சாலை வழியாக ஊர் திரும்பினார். தலைவருக்குப் போன் போட்டார். கோட்டையில் சிக்னல் கிடையாது. கோட்டையில் இருந்தவர்கள் வால் வரட்டும் என்று காத்திருந்தார்கள். முனையில் இருந்தவரும் வால் வரட்டும் என்று காத்திருந்தார். கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய மரம் இருந்தது. அங்கே ஒதுங்கினால் வருகிறவர்களுக்குத் தன் கை தெரியாது என்று நட்ட நடு மழையில் நின்றிருக்கிறார். மேட்டிலிருந்து கல் ஏற்றி வந்த லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை.

அவருடைய வண்டி தள்ளி நின்றதால் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பின்சீட்டு ரெக்சின் மட்டும் சிராய்த்துக் கிழிந்திருந்தது. அவள் அதைக் கழற்றி, அதே ஃபோமை வைத்து, புது ரெக்சின் இழுத்துத் தைத்தாள். தைக்கும்போது அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வெல்டர் மேல் கொஞ்சம், தலைவர் மேல் கொஞ்சம், மீதி முழுக்கப் புருஷன் மேல். வீட்டில் ஒரு வேலையை மூன்று முறை சொன்னால்தான் காதில் விழும் மனிதருக்கு ரோட்டில் மட்டும் என்ன அப்படி ஒரு கீழ்ப்படிதல்?

இது நடந்து இரண்டு மழைக்காலம் போன பிறகு, வெளியூர்க்காரர் ஒருவர் கிழிந்த சீட்டோடு கடைக்கு வந்தார். பழைய கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறாராம். ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்.

“பனியில வழியே தெரியலைங்க. நல்லவேளை, முனையில ஒருத்தர் நின்னு கை காட்டினாரு. அவர் இல்லேன்னா நேரா பள்ளத்துல போய் விழுந்திருப்பேன்.”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“யாரு, ஆடு மேய்க்கிறவரா?”

“இல்லைங்க. பிரவுன் மழைக்கோட்டு போட்டிருந்தாரு. ரொம்ப நேரமா நிக்கிறார் போல. இடது கால்ல வலி இருக்கும்னு நினைக்கிறேன், அதை லேசா தூக்கித் தூக்கி ஊனினாரு. ஏறிக்கிறீங்களான்னு கேட்டேன். ஆள் வரணும்னு தலையை ஆட்டிட்டாரு.”

மெஷின் நின்றது. ஊசி ரெக்சினில் பாதி இறங்கியபடி அப்படியே நின்றது. மழைக்கோட்டு யாரிடமும் இருக்கும். ஆனால் அந்த இடது முட்டி? அதற்கு எத்தனை முறை அவள் தைலம் தேய்த்திருக்கிறாள்! வெளியூர்க்காரருக்கு அது எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகுதான், ஊரே தன்னிடம் மட்டும் மறைத்து வைத்திருந்த விஷயம் அவளுக்குத் தெரிய வந்தது. பால் வண்டிக்காரர் பார்த்திருக்கிறார். கம்பி கட்டுபவர் பார்த்திருக்கிறார். கோஷ்டியில் மூன்று பேர் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. யாரையும் அவர் பயமுறுத்தவில்லை. கையை நீட்டி வழி காட்டுகிறார், அவ்வளவுதான். எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த மனிதர் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

அவருடைய அக்காவிடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் எதற்கும் அசராதவர். முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்பவே நின்னவன் இன்னுமா நிக்கிறான்? கால் வலிக்காதாடி அவனுக்கு?”

“வால் வரலையே அண்ணி. வராம எப்படி நகருவாரு?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அண்ணி அவள் முகத்தையே பார்த்தார்.

“அப்ப யாராவது வாலா போயி அவனைக் கூட்டிட்டு வரணும்.”

“கூட்டிட்டு வந்துட்டா?” என்றாள் அவள். “அப்புறம் எங்க இருப்பாரு அண்ணி? இப்பவாவது அந்த முனையில இருக்காருன்னு ஒரு இடம் இருக்கு.”

ராத்திரி படுத்தால் அந்த இடது கால்தான் கண்ணுக்குள் தூக்கித் தூக்கி ஊன்றியது. தன் ஆறுதலுக்காக ஒரு மனிதரைக் காலம் பூராவும் ரோட்டோரத்தில் நிறுத்தி வைப்பதா என்று ஒரு மனம் கேட்டது. அதற்குள் என்ன அவசரம் என்று இன்னொரு மனம் கேட்டது. இரண்டு மனமும் மாறி மாறிப் பிடுங்கியதில், ஒருநாள் ஷட்டரை இழுத்துவிட்டு நேரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள்.

புருஷன் வண்டியில்தான் ஓட்டப் பழகினாள். சீட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவளுக்குக் கிளட்ச் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வண்டி குதிரை போலத் தாவியது. அவள் மைதானத்துப் புல்லை அளந்தாள். “பின்னாடி உக்காந்துக்கிட்டு மெதுவா மெதுவான்னு கத்தினதெல்லாம் எவ்வளவு சுலபம்!” என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புருஷன் மட்டும் என்ன, யார் பின்னாலாவது உட்கார நேர்ந்தால் இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். நச்சரிப்பு தாங்காமல் யாரும் அவரை ஏற்றிக்கொண்டதே இல்லை.

ஓட்டத் தெரிந்ததும் ஆரஞ்சு சட்டையைக் கேட்டு வெல்டரிடம் போனாள். அன்றைக்குப் பிறகு அவர் வண்டியையே தொடவில்லை. அவளைக் கண்டால் முகமூடியை இறக்கிக்கொண்டு வேலை பார்ப்பார். இன்று முகமூடியைக் கழற்றினார். உள்ளே போய், மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து வந்து நீட்டினார்.

“நான் போக வேண்டியதுக்கா. எனக்குத் தைரியம் இல்ல.”

“உங்களை விட நான்தான் அவர்கிட்ட திட்டு வாங்கிப் பழகினவ” என்றாள் அவள். “நானே போறேன்.”

அடுத்தாற்போல் கோஷ்டி கூடியபோது கோட்டைக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். தலைவர் மென்று விழுங்கினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் கடைசித் திருப்பத்தில் நிற்பது யார் என்றதும் எல்லோருக்கும் ஷூ லேஸ் கட்டும் வேலை வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்திருந்த பேங்க்காரர் ஒருவர் மட்டும், “நான் நிக்கிறேன் சார், இதுல என்ன இருக்கு?” என்றார். அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

காலையில் வெயில் சுள்ளென்று இருந்தது. முதலில் கல் பாலம், பிறகு காவல் கோபுரம். இரண்டு இடத்திலும் அவள் கடைசியாக வந்து, “எல்லாரும் வந்தாச்சு” என்றாள். இரண்டு இடத்திலும் தலைவர் பலகையைப் படித்தார். யார் கட்டியது, யார் இடித்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று அவர் வரிசையாக வாசிக்க, செத்தவர்களுக்குக் காவலாக யாராவது இங்கே நின்றுகொண்டே இருப்பார்களோ என்று அவளுக்குத் தோன்றியது. கோபுரத்தின் உடைந்த படிகளில் யாருமே ஏறவில்லை. ஆனாலும் மேலேயிருந்து பொடிக்கற்கள் உதிர்ந்தன. காற்று என்றார் ஒருவர். இலை அசையவில்லை.

அதற்கப்புறம் பாதை குறுகியது. இரு பக்கமும் முள், நடுவில் செம்மண். முன்னால் போகிறவர்களின் புழுதி அவள் வருவதற்குள் அடங்கிவிடும். இந்த உலகத்தில் தன் முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை என்பது போல இருந்தது. வாலாக வருபவர்கள் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. பின்னால் யார் வரப் போகிறார்கள்? அவள் மட்டும் அடிக்கடி பார்த்தாள். மேடு ஏறி இறங்கியதும் அந்தப் பெரிய மரம் தெரிந்தது. கை வேர்த்து ஹேண்டில் வழுக்கியது.

முனை காலியாக இருந்தது.

பேங்க்காரர் இல்லை. பிரவுன் மழைக்கோட்டும் இல்லை. ஒரு பாதை நேரே பள்ளத்துக்கு இறங்கியது, இன்னொன்று கோட்டைப் பக்கம் திரும்பியது. நடுவில் ஒரு பழைய மைல்கல், அதன் மேல் ஒரு பல்லி. அவ்வளவுதான். எஞ்சினை அணைக்காமல் ஒரு காலை ஊன்றி நின்றாள். பார்த்தாள். மரத்தடியைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள்.

“ஏங்க” என்றாள்.

மைல்கல் மேலிருந்த பல்லி ஓடி மறைந்தது.

“ஊர்ல போற வர்றவனுக்கெல்லாம் தெரியறீங்க. எனக்கு மட்டும் தெரிய மாட்டீங்களா? அப்படி என்ன செஞ்சேன் நான்? நீங்க வருவீங்க வருவீங்கன்னு அன்னைக்கு நான் எவ்வளவு நேரம் வாசல்ல நின்னேன் தெரியுமா? எனக்கும்தானே கால் வலிச்சுது?”

அழுகை பொங்கி வந்தது. தைக்கும்போது வராதது, ஊரார் வந்து உட்கார்ந்தபோது வராதது, அத்தனையும் அந்த வெட்டவெளியில் வந்தது. அழுது தீர்த்துவிட்டு ஆரஞ்சு சட்டையின் முனையால் முகத்தைத் துடைத்தாள். இப்படியே வண்டியைத் திருப்பிவிடலாம் என்று நினைத்தாள். திருப்பிவிட்டால் அவர் இங்கேயே இருப்பார். அடுத்த மாதமும் வரலாம், அதற்கு அடுத்த மாதமும் வரலாம். அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது. பிறகு அந்த இடது கால் ஞாபகம் வந்தது.

“வால் வந்துட்டேன்” என்றாள். “வாங்க, போகலாம்.”

ஹார்னை இரண்டு முறை அடித்தாள்.

சட்டப்படி, நின்றவர் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அவளுக்கு முன்னால் போக வேண்டும். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருடைய வண்டியைத்தான் அவள் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் எதில் போவார்?

வண்டியின் பின்பக்கம் மெல்ல இறங்கியது.

ஷாக் அப்சார்பர் முனகியது. பின்சீட்டு ஃபோமிலிருந்து காற்று வெளியேறும் சத்தம் கேட்டது, தையல் இடுக்கு வழியாக, ஒரு நீண்ட பெருமூச்சாக. அந்தச் சத்தத்தை ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கிறவள் அவள். யாராவது ஏறி உட்கார்ந்தால் அன்றி அது வராது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. பார்த்து, அங்கே எதுவும் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தாள்.

முதல் கியரைப் போட்டாள். வண்டி பாரத்தோடு கிளம்பியது. ஆள் ஏற்றி ஓட்டிப் பழக்கம் இல்லாததால் முதலில் கொஞ்சம் ஆடியது, பிறகு நிதானப்பட்டது. ஒவ்வொரு குழி வரும்போதும் பின்னால், வலது பக்கக் கால்மிதியில், ஒரு அழுத்தம் விழுந்தது. இல்லாத பிரேக்கை யாரோ மிதித்தார்கள். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சும்மா வாங்க, எனக்கு ஓட்டத் தெரியும்” என்றாள்.

கோட்டை அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்க வேண்டாம். இடிந்த வாசல் தெரிந்ததுமே அவள் வேகத்தைக் குறைத்தாள். பாதையோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று அவளைப் பார்க்காமல் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு ஒதுங்கியது.

வாசலுக்கு முன்னால் எல்லா வண்டிகளும் வரிசையாக நின்றன. வெயிலுக்கு வாசல் நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். தலைவர் பலகைக்குப் பக்கத்தில் தயாராக இருந்தார். அவள் வந்து நின்றாள். எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை.

தலைவர் பேங்க்காரரிடம் சிடுசிடுத்துக்கொண்டிருந்தார். “வால் வராம எப்படிங்க முனையை விட்டு வந்தீங்க?”

“நிக்கத்தான் சார் போனேன். அங்க ஏற்கெனவே நம்ம ஆள் ஒருத்தர் நின்னு கை காட்டிக்கிட்டு இருந்தாரே. ஒரு முனைக்கு எதுக்கு ரெண்டு பேருன்னு வந்துட்டேன். பிரவுன் கோட்டு… பாவம், இந்த வெயில்ல எதுக்கு மழைக்கோட்டுன்னு கூட நினைச்சேன்.”

எல்லோர் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. பேங்க்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“அக்கா” என்றார் தலைவர், குரல் கம்ம. “வண்டியை நிறுத்துங்கக்கா.”

அவள் நிறுத்தவில்லை. பின்னால் அந்தப் பாரம் அப்படியே இருந்தது. முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து லேசாக உலுக்கியது. பெட்ரோல் தீரும்வரை இப்படியே உட்கார்ந்திருக்கலாம் என்று இருந்தது. சொன்னால் இறங்கிவிடுவார். சொல்லாவிட்டால் அவர் இன்னும் வந்து சேரவில்லை. அவ்வளவு காலமாக நின்றவரை இங்கே கொண்டு வந்து மறுபடியும் காக்க வைப்பதா?

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அடங்கியது. கையைத் தூக்கினாள்.

“எல்லாரும் வந்தாச்சு” என்றாள்.

பின்சீட்டு எழுந்தது. மெதுவாக எழுந்தது, அவர் போட்ட அந்த ஃபோம் எப்போதும் எழுவதைப் போலவே. ஷாக் அப்சார்பர் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. அவள் முதுகில் வெயில் பட்டது. அதுவரை படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கையைப் பின்னால் கொண்டுபோய் ரெக்சினைத் தொட்டுப் பார்த்தாள். கறுப்பு ரெக்சின், அந்த உச்சி வெயிலில் தொட்டால் கை வெந்துவிடும். ஓரங்கள் அப்படித்தான் சுட்டன. நடுவில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும், நிழலில் கிடந்தது போல் குளிர்ந்திருந்தது. உள்ளங்கையை அதன் மேல் வைத்து எடுக்காமல் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் சூடு ஏறியது.

தலைவர் பலகையைப் படிக்கவில்லை. அவர் அருகில் வந்து நின்று, என்ன கேட்பது என்று தெரியாமல் ஹெல்மெட்டைக் கையில் உருட்டினார்.

“திரும்பும்போதும் அதே வழிதானே?” என்றாள் அவள்.

“ஆமாக்கா.”

“அந்த முனைக்கு ஒரு ஆளைப் போடுங்க” என்றாள். “இப்ப அங்க யாரும் இல்ல.”